காங்கிரீட்டைத் தட்டிக் கேட்பது

பில்லருக்குக் காங்கிரீட் போடும்போதே அதே கலவையில் 150 மி.மீ. கியூப்களும் எடுத்து வைப்பார்கள். 28 நாள் கழித்து அவற்றை இயந்திரத்தில் நசுக்கினால் வலிமை தெரிந்துவிடும். ஆனால் கியூப் தண்ணீர்த் தொட்டியில் சொகுசாக ஊறியது. பில்லரின் கதி, ஈரச் சாக்கு சுற்றியவரின் அக்கறையைப் பொறுத்தது. கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைச் சரியாகப் போடாமல் உள்ளே ஹனிகோம், அதாவது தேன்கூடு மாதிரிப் பொந்துகள், விழுந்திருந்தாலும் கியூப் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே நிற்கிற பில்லரையே உடைக்காமல் விசாரிக்க வேண்டும்.

அதற்குப் பழைய கருவி ரீபவுண்ட் ஹேமர். 1940களின் கடைசியில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் எர்ன்ஸ்ட் ஷ்மிட் உருவாக்கியது. பெயர்தான் சுத்தியல், பார்க்கச் சைக்கிள் பம்பு மாதிரி இருக்கும். முனையைச் சுவரில் வைத்து அழுத்த அழுத்த உள்ளே ஸ்பிரிங் இழுபடும். கடைசியில் 'டக்' என்று கொக்கி விட, ஓர் எடை முனைக்கம்பியை அடித்துவிட்டுப் பின்னால் துள்ளும். ஒரு கிலோ கல் 22 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிற அளவு அடிதான். மெத்தென்ற காங்கிரீட் அந்த அடியை நிறைய விழுங்கும். கெட்டியானது கூடுதலாகத் திருப்பித் தரும். துள்ளிய தூரம்தான் அளவு. ஆனால் இது மேல்தோலை மட்டுமே பார்க்கும். பழைய கட்டடத்தில் காற்றின் கார்பன் டைஆக்சைடு தோலை இறுகச் செய்திருந்தால் ஹேமர் நன்றாகவே ஏமாறும்.

உள்ளே பார்க்க அல்ட்ராசவுண்ட். பில்லரின் எதிரெதிர்ப் பக்கங்களில் கிரீஸ் தடவி இரண்டு முனைகளை வைப்பார்கள். 400 மி.மீ. பில்லரை ஒலி 89 மைக்ரோ விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 4.5 கி.மீ. நல்ல காங்கிரீட். நடுவில் பொந்து இருந்தால் ஒலி சுற்றிக்கொண்டு வரும், தாமதமாகும்.

சரி, இரண்டுமே வலிமையை அளக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒன்று தோலின் கடினத்தை அளக்கிறது, மற்றது வேகத்தை. வலிமை நம் கணிப்பு. சாதாரண வீட்டு காங்கிரீட்டில் இது ஓரளவு ஒப்பேறும். புர்ஜ் கலீஃபாவின் கீழ்த்தளங்களில் போட்ட மாதிரி 80 மெகாபாஸ்கல் (நசுக்கும் அழுத்தத்தை அளக்கும் அலகு) வலிமையுள்ள காங்கிரீட்டில்தான் சிக்கல். அதன் ஒரு கியூபை நசுக்கவே 180 டன் வேண்டும். விறைப்பு, அதாவது அழுத்தினால் வளைந்துகொடுக்காத தன்மை, வலிமையின் வர்க்கமூலத்தை ஒட்டி உயர்கிறது. ஒலிவேகமோ விறைப்பின் வர்க்கமூலத்தை ஒட்டி. வர்க்கமூலத்துக்கு வர்க்கமூலம்! வலிமை 60இலிருந்து 80க்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு ஏறினாலும் வேகம் ஏறுவது 7 சதவீதம்தான். ஜல்லியை மாற்றினாலோ ஈரம் கூடினாலோகூட அவ்வளவு மாறிவிடும். ஹேமரிலும் இதே கதை: அந்தக் கெட்டிக்கு முன்னால் எல்லா அடியும் ஏறக்குறைய ஒரே மாதிரி துள்ளும்.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது கொஞ்சம் உதவும். ஈரம் துள்ளலைக் குறைக்கும், வேகத்தைக் கூட்டும். இரண்டு பிழையும் ஓரளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். என் கணக்கில், இந்த வகைக் கட்டடத்தில் இக்கருவிகளின் நிஜமான வேலை எண் சொல்வதல்ல, 'எந்த பில்லர் மற்றவற்றைப் போல இல்லை' என்று காட்டுவது. அப்புறம் அந்த இடத்தில் மட்டும் கோர், அதாவது உருளையான ஒரு துண்டு, வெட்டி எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். வெட்டுமுன் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியில் பட்டுவிடாமலிருக்க, கம்பியை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கும் கவர் மீட்டரை நகர்த்தி நகர்த்தி சாக்பீஸால் கம்பி ஓடும் பாதையைக் கோடு போட்டுக்கொள்வார்கள். அதுவும் உடைக்காத சோதனைதான்.