அல்புமினூரியா: சிறுநீரில் வெண்புரதம்

மொரிஷியசில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. அதனால் 'அல்புமின் இருக்காம்' என்ற பேச்சு இங்கே தமிழ் வீடுகளில் சாதாரணம். ஆனால் ரத்தத்தில் அல்புமின் இருந்தே ஆகவேண்டும், சிறுநீரில் இறங்கினால்தான் வம்பு. அந்த நிலைக்குத்தான் அல்புமினூரியா என்று பெயர், பிரெஞ்சில் அல்புமினூரி.

லத்தீனில் 'அல்புஸ்' என்றால் வெள்ளை. அதிலிருந்து முட்டை வெள்ளைக்கருவுக்கு 'அல்பூமென்' வந்தது, அப்புறம் அதே வகைப் புரதத்துக்கு அல்புமின். வாலில் இருக்கும் 'ஊரியா' சிறுநீரைக் குறிக்கும் கிரேக்க 'ஊரோன்'. தமிழில் அல்புமினை வெண்புரதம் எனலாம், இந்த நிலையை வெண்புரதச் சிறுநீர் எனலாம். 'வெண்புரத நீரிழிவு' மட்டும் வேண்டாம், நீரிழிவு என்றாலே சர்க்கரை நோய் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

வெண்புரதத்தைச் செய்வது கல்லீரல். ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அதன் முக்கிய வேலை. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடித்து, பெரும்பகுதியைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன, அந்த வடிகட்டியில் வெண்புரதம் லேசில் நுழையாது. பெரும்பாலும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருடக்கணக்கில் வடிகட்டியைக் கெடுத்த பிறகு கசிய ஆரம்பிக்கும். நிறையக் கசிந்தால் சிறுநீர் நுரைத்து, நுரை சீக்கிரம் அடங்காது. நம் சித்த வைத்தியர்கள் நீர்க்குறியில், அதாவது சிறுநீரைப் பார்த்து நோய் அறியும் முறையில், நிறம், எடை, மணம், நுரை, எஞ்சல் என்று ஐந்தைப் பார்த்தார்கள், நுரை அதில் ஒன்று. கூடவே காலையில் கண்ணிமை ஊதும், மாலையில் கணுக்கால் வீங்கும், ராத்திரி அடிக்கடி எழுந்து போகவேண்டிவரும், காரணமில்லாத அசதி வரும்.

வலியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் பெரிய தப்பு. அதற்கு இங்கே பிரெஞ்சும் ஒரு காரணம் என்பேன். 'ரேன்' என்றால் சிறுநீரகம், ஆனால் 'மால் ஓ ரேன்' என்று சொல்வது வெறும் இடுப்பு வலியை. முதுகு பிடித்தவர் குண்டிக்காய் போச்சு என்று பதறுகிறார், நிஜமாகவே கசிகிறவருக்கோ ஒரு வலியும் இல்லை.

நுரை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சிறிய கசிவு கண்ணுக்குத் தெரியாது, சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனைப் பட்டையிலும் தப்பிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின்–கிரியேட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) விகிதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதோடு ரத்தத்தில் கிரியேட்டினினும். காய்ச்சலோ கடும் உடற்பயிற்சியோ இருந்தால் விகிதம் தற்காலிகமாக ஏறும், அதனால் ஒரே சீட்டைப் பார்த்து முடிவு கட்டமாட்டார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி, 300-ஐத் தாண்டினால் கசிவு கடுமை. சீட்டில் மில்லிமோல் கணக்கு போட்டிருந்தால் அதே எல்லைகள் 3, 30 என்று வரும்.