இணையச் சான்றிதழ் எதற்குச் சான்று?

முதன்முறையாகச் சொந்தமாக ஒரு சேவையகத்தை வாடகைக்கு எடுத்துத் தளம் நிறுவுகிறவர்களிடம் ஒரு தவறான எண்ணம் எளிதில் படிந்துவிடுகிறது. சான்றிதழ்தான் மறையாக்கத்தைத் தருகிறது, அதை வாங்கி உரிய இடத்தில் வைத்துவிட்டால் போக்குவரத்து, அதாவது தளத்துக்கும் வாசகருக்கும் இடையே செல்லும் தரவு, பிறர் படிக்க முடியாதபடி தானாக மறைந்துவிடும் என்பதே அந்த எண்ணம். உண்மையில் மறையாக்கத்துக்குச் சான்றிதழ் தேவையே இல்லை. முன்பின் அறியாத இரண்டு கணினிகள், நடுவில் யார் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தாலும், தங்களுக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசிய எண்ணை உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதை விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்கள். சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டு இரகசியம் பேசலாம். ஆனால் அறைக்குள் எதிரே அமர்ந்திருப்பவர் நாம் நினைத்த ஆள்தானா என்பதைத் தாழ்ப்பாள் சொல்லாது. அதைச் சொல்வதற்காகவே சான்றிதழ் இருக்கிறது.

இந்த வேறுபாடு மனத்தில் பதிந்துவிட்டால், சேவையகத்தில் செய்ய வேண்டிய வேலைகளும் பிழைகளும் பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும். ஆகவே கட்டளைகளுக்குப் போகுமுன், உலாவியும் சேவையகமும் சந்திக்கும் முதல் சில மில்லிநொடிகளை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

உலாவியும் சேவையகமும் மறையாக்கத்தோடு பேசுவதற்கான டிஎல்எஸ் நெறிமுறையின், 2018 ஆகஸ்டில் வெளியான 1.3 பதிப்பின்படி, உலாவி தன் முதல் செய்தியிலேயே மூன்று விவரங்களை அனுப்புகிறது: தனக்குத் தெரிந்த மறையாக்க முறைகளின் பட்டியல், தான் தேடி வந்திருக்கும் தளத்தின் பெயர், அந்த ஓர் இணைப்புக்கென்றே அப்போது உருவாக்கிய சாவி இணையின் பொதுப்பாதி. சேவையகமும் அப்போதே ஒரு சாவி இணையை உருவாக்கி அதன் பொதுப்பாதியைத் திருப்பி அனுப்புகிறது. தன் இரகசியப் பாதியையும் மறுபக்கத்தின் பொதுப்பாதியையும் சேர்த்துக் கணக்கிட்டால், இருவருக்கும் ஒரே விடை கிடைக்கும். இரண்டு பொதுப்பாதிகளை மட்டும் பார்த்தவருக்கு அந்த விடை கிடைக்காது. அந்த விடையிலிருந்து பிறக்கும் சாவிகளால் அடுத்த செய்தியிலிருந்தே மறையாக்கம் தொடங்கிவிடுகிறது. சான்றிதழ் இன்னும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மறையாக்கம் தொடங்கிய பின்னரே, அந்த மறைவுக்குள்ளாகவே, சேவையகம் தன் சான்றிதழை நீட்டுகிறது.

நீட்டினால் மட்டும் போதாது. சான்றிதழ் இரகசியமான ஆவணம் அல்ல. உங்கள் தளத்துக்கு வரும் யாரும் அதைப் படியெடுத்துக்கொள்ளலாம். ஆகவே சேவையகம், அதுவரை இருவரும் பரிமாறிக்கொண்ட செய்திகள் அனைத்தின் மீதும், சான்றிதழில் எழுதப்பட்டிருக்கும் பொதுச்சாவிக்கு இணையாகத் தன்னிடம் மட்டும் இருக்கும் தனிச்சாவியால் ஒரு கையொப்பம் இட்டு அனுப்ப வேண்டும். நடுவில் புகுந்த ஒருவர் சான்றிதழின் நகலை வைத்திருக்கலாம், ஆனால் இந்தக் கையொப்பத்தை அவரால் இட முடியாது. சான்றிதழின் தனிச்சாவி உங்கள் வாசகர்களின் தரவை மறைப்பதற்குப் பயன்படுவதில்லை, இந்த ஒரு கையொப்பத்துக்கே பயன்படுகிறது. இதனால் ஒரு நன்மையும் உண்டு: இன்று பதிவுசெய்து வைத்த போக்குவரத்தை, நாளை உங்கள் தனிச்சாவியைத் திருடியவராலும் பிரித்துப் படிக்க முடியாது, ஏனெனில் அந்தந்த இணைப்புக்கான சாவிகள் அப்போதே அழிந்துவிட்டன. ஆனால் திருடிய நாளிலிருந்து அவர் உங்கள் பெயரில் நடிக்கலாம். தனிச்சாவிக் கோப்பை நிர்வாகக் கணக்கு மட்டுமே படிக்கும்படி வைக்க வேண்டும் என்பதும், நிரலோடு சேர்த்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட் களஞ்சியத்தில் ஏற்றிவிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

கையொப்பத்தைச் சரிபார்த்த உலாவி சான்றிதழிடம் மேலும் மூன்று கேள்விகள் கேட்கிறது. நான் தட்டிய பெயர் இதில் இருக்கிறதா? இன்றைய தேதி இதன் காலவரம்புக்குள் இருக்கிறதா? இதில் கையொப்பமிட்டவரை எனக்குத் தெரியுமா? தொடக்கநிலை நிர்வாகிகளை மிரட்டும் சிவப்பு எச்சரிக்கைப் பக்கங்களில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஏதோ ஒன்றுக்குக் கிடைத்த ‘இல்லை’ என்ற விடைதான். டபிள்யூடபிள்யூடபிள்யூ என்ற முன்னொட்டு இல்லாத பெயருக்கு மட்டும் சான்றிதழ் பெற்றுவிட்டு முன்னொட்டோடு திறந்தால் முதல் கேள்வியில் தோற்கும். உலாவியைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு பெயர்கள். இரண்டையும் ஒரே சான்றிதழில் குறிப்பிட்டுக் கேட்பதே வழக்கம்.

மூன்றாம் கேள்விதான் ஆழமானது. உலாவியோ இயங்குதளமோ தான் நம்பும் சான்றளிக்கும் நிறுவனங்களின் வேர்ச் சான்றிதழ்களின் பட்டியலைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. அந்த வேர்களின் தனிச்சாவிகள் அன்றாட வேலைக்கு எடுக்கப்படுவதில்லை. இணையத் தொடர்பற்ற இடத்தில் பூட்டி வைக்கப்படுகின்றன. வேர் ஓர் இடைநிலைச் சான்றிதழில் கையொப்பமிடும், இடைநிலை உங்கள் சான்றிதழில் கையொப்பமிடும். உலாவியிடம் வேர் மட்டுமே இருப்பதால், உங்கள் சேவையகம் தன் சான்றிதழோடு இடைநிலையையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். இதை மறப்பது மிகவும் குழப்பம் தரும் பிழை, ஏனெனில் அது பாதி நேரம் தெரிவதே இல்லை. மேசைக்கணினியின் குரோம் விடுபட்ட இடைநிலையைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் தெரிந்த இடைநிலைகளை முன்கூட்டியே வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு செயலி ஒன்றோ கட்டளைவரிக் கருவியோ அதே தளத்தைத் திறக்க மறுக்கும். “என் கணினியில் திறக்கிறதே” என்று நிர்வாகி சொல்ல, “எனக்குத் திறக்கவில்லை” என்று பயனர் சொல்ல, இருவரும் உண்மையே பேசிக்கொண்டிருப்பார்கள். சான்றிதழைப் பெற்றுத்தரும் சர்ட்பாட் கருவி உங்கள் சான்றிதழை மட்டும் ஒரு கோப்பிலும், இடைநிலையும் அடங்கிய முழுச் சங்கிலியை இன்னொரு கோப்பிலும் தருகிறது. என்ஜின்எக்ஸ் என்ற வலைச் சேவையக மென்பொருளின் அமைவுக் கோப்பில் முழுச் சங்கிலிக் கோப்பைத்தான் சுட்ட வேண்டும்.

சான்றளிக்கும் நிறுவனம் எதைப் பார்த்துக் கையொப்பமிடுகிறது? சாதாரணச் சான்றிதழுக்கு உங்கள் முகவரியையோ நாணயத்தையோ அது விசாரிப்பதில்லை. இந்தச் சாவியை வைத்திருப்பவர் இந்த டொமைன் பெயரைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார் என்ற ஒன்றை மட்டுமே உறுதிசெய்கிறது. வங்கியின் பெயரைச் சற்றே திரித்துப் பதிவுசெய்த மோசடிக்காரருக்கும், அந்தத் திரிந்த பெயருக்கு முறையான சான்றிதழ் கிடைக்கும். பூட்டுச் சின்னத்தை நேர்மையின் அடையாளமாக மக்கள் எடுத்துக்கொண்டதால்தான் 2023-இல் குரோம் அந்தச் சின்னத்தையே முகவரிப் பட்டையிலிருந்து நீக்கியது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

டொமைன் மீதான அந்தக் கட்டுப்பாட்டை இயந்திரமே சோதிக்க முடியும் என்ற எண்ணத்தின் மேல் எழுந்ததுதான் லெட்ஸ் என்கிரிப்ட். மொசில்லா, எலக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன், மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் தொடங்கிய இந்த இலாப நோக்கற்ற சேவை, 2015 டிசம்பரில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. அதன் உரையாடலுக்கான ஆக்மி நெறிமுறை 2019-இல் இணையத் தரமாக்கப்பட்டது. உங்கள் சேவையகத்தில் இருக்கும் கருவி முதலில் சாவி இணையை உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் விண்ணப்பத்தில் வைக்கிறது. தனிச்சாவி உங்கள் கணினியை விட்டு வெளியேறுவதே இல்லை. சான்றளிப்பவர் யாரும் முன்கூட்டியே ஊகிக்க முடியாத ஒரு குறிச்சொல்லைத் தருகிறார். அதை உங்கள் தளத்தின் குறிப்பிட்ட ஓர் அடைவில் வைக்கச் சொல்லி, பிறகு இணையத்தின் பல இடங்களிலிருந்து, மறையாக்கமற்ற போக்குவரத்துக்கான எண்ணிட்ட வாயிலான 80-ஆம் துறை வழியாக வந்து எடுத்துப் பார்க்கிறார். பல இடங்களிலிருந்து பார்ப்பதற்குக் காரணம், ஒரே பாதையில் மட்டும் பார்த்தால் அந்தப் பாதையைக் கடத்தியவர் ஏமாற்றிவிடலாம் என்பதுதான்.

இந்தச் சோதனை தோற்பதற்கு இரண்டு காரணங்களை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். ஒன்று, பாதுகாப்பு என்று எண்ணி 80-ஆம் துறையை, இணைப்புகளை வடிகட்டும் தீச்சுவரில் அடைத்துவிடுவது. மறையாக்கப் போக்குவரத்து 443-ஆம் துறையில் நடந்தாலும், 80 திறந்திருந்தால்தான் இந்தச் சோதனையும் நடக்கும், மறையாக்கமற்ற எச்டிடிபி முகவரியில் வருபவரை எச்டிடிபிஎஸ் முகவரிக்குத் திருப்பியனுப்பவும் முடியும். மற்றொன்று, தளப் பெயரை முகவரி எண்ணாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸில் மறந்துபோன ஐபிவி6 (புதிய வகை முகவரி எண்) பதிவு. பழைய சேவையகத்தைச் சுட்டும் அந்தப் பதிவை நீங்கள் கவனிக்காமல் இருக்கலாம். சோதிக்க வருபவர் முதலில் அங்கேதான் போவார். வெளியிலிருந்து அணுக முடியாத சேவையகத்துக்கும், எல்லாத் துணைப்பெயர்களையும் உள்ளடக்கும் சான்றிதழுக்கும், குறிச்சொல்லை டிஎன்எஸ் பதிவாக வைக்கும் இன்னொரு வழி உண்டு.

சான்றளிப்பவரே தவறினால் என்ன ஆகும்? 2011-இல் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழை உருவாக்கினர். அது ஈரானியப் பயனர்களை ஒட்டுக்கேட்கப் பயன்பட்டது. அந்த நிறுவனம் அதே ஆண்டில் திவாலானது. 2014 ஜூலையில் இந்தியாவின் தேசியத் தகவலியல் மையம் வைத்திருந்த இடைநிலைச் சான்றிதழ்களின்கீழ், கூகுள் டொமைன்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது கண்டறியப்பட்டு, அந்த இடைநிலைகள் நீக்கப்பட்டன. இத்தகைய தவறுகளை வெளிக்கொணர்வதற்காக உருவானதே சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு. வழங்கப்படும் சான்றிதழ்களைப் பொதுப் பேரேடுகளில் பதிய வேண்டும் என்று 2018 முதல் குரோம் கட்டாயப்படுத்துகிறது. புதிய நிர்வாகி இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: சோதனைக்காகவோ அலுவலக உள்வேலைக்காகவோ நீங்கள் வைக்கும் துணைப்பெயர், சான்றிதழ் பெற்றவுடன் உலகறிந்த பெயராகிவிடும். அந்தப் பேரேடுகளைக் கண்காணித்து, புதிதாகத் தோன்றும் பெயர்களின் கதவைத் தட்டிப்பார்க்கும் நிரல்கள் உடனே வந்துவிடும். கடவுச்சொல் இல்லாத நிர்வாகப் பக்கத்தை, பெயர் யாருக்கும் தெரியாது என்ற துணிச்சலில் திறந்து வைக்காதீர்கள்.

இரண்டாம் கேள்விக்கு, அதாவது தேதிக்கு, வருவோம். லெட்ஸ் என்கிரிப்ட் வழங்கும் வழக்கமான சான்றிதழ் 90 நாள் வாழ்கிறது. இது குறைவு என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இன்னொரு செய்தி: 2029 மார்ச் 15 முதல் எந்தப் பொதுச் சான்றளிப்பவரும் 47 நாளுக்கு மேல் செல்லும் சான்றிதழை வழங்கக் கூடாது என்று சான்றளிப்பவர்களும் உலாவி நிறுவனங்களும் 2025-இல் முடிவெடுத்திருக்கிறார்கள். சாவி களவுபோனாலும் டொமைன் கைமாறினாலும் பழைய சான்றிதழ் நெடுநாள் உயிரோடிருக்கக் கூடாது என்பதே நோக்கம். நாள்காட்டியில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது. சர்ட்பாட் நிறுவும்போதே நாளுக்கு இருமுறை தேதியைச் சரிபார்க்கும் வேலையையும் பெரும்பாலும் அமைத்துவிடுகிறது. கேடி என்ற வலைச் சேவையக மென்பொருளோ (தமிழர்கள் பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம், நல்ல பிள்ளைதான்) சான்றிதழைப் பெறுவதையும் புதுப்பிப்பதையும் யாரும் சொல்லாமலே செய்துகொள்கிறது.

ஆனால் தானியங்கியிலும் ஓர் ஓட்டை உண்டு, அதில் நானே விழுந்திருக்கிறேன். புதிய சான்றிதழ் வட்டில் உரிய காலத்தில் வந்து அமர்ந்துவிட்டது. வலைச் சேவையகமோ தொடங்கியபோது நினைவகத்தில் ஏற்றிய பழைய சான்றிதழையே வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. கோப்பைப் பார்த்தால் எல்லாம் சரி, தளத்தைத் திறந்தால் காலாவதி! புதுப்பித்த ஒவ்வொரு முறையும் என்ஜின்எக்ஸோ அப்பாச்சியோ தன் அமைவை மறுபடி ஏற்றிக்கொள்ளும்படி சர்ட்பாட் தன் வேலை முடிந்ததும் தானே ஓட்டும் ‘கொக்கி’ நிரல் ஒன்றில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அந்த நாள் நேர்ந்திருக்காது. காலாவதி நெருங்குவதை மின்னஞ்சலில் நினைவூட்டி வந்த சேவையை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டதால், இப்போது எச்சரிக்க வேறு யாரும் இல்லை.

சேவையகம் பக்கத்தோடு சேர்த்து அனுப்பும் எச்எஸ்டிஎஸ் என்ற தலைப்புவரியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இத்தனை நொடிகளுக்கு இந்தத் தளத்தை மறையாக்கமின்றித் திறக்காதே என்று அது உலாவிக்கு ஆணையிடுகிறது. பயனுள்ளதுதான், ஆனால் அந்தக் காலத்துக்குள் சான்றிதழ் பழுதானால், எச்சரிக்கையைத் தாண்டிச் செல்லும் பொத்தானைக்கூட உலாவி காட்டாது. கையேடுகளில் காணும் 3,15,36,000 நொடிகளை, அதாவது ஓர் ஆண்டை, முதல் நாளே எழுதிவிடாமல், 300 நொடிகளில் தொடங்கி, எல்லாம் ஒழுங்காக ஓடுவதைக் கண்ட பின் கூட்டுங்கள்.

பழகும்போது லெட்ஸ் என்கிரிப்டின் சோதனைச் சூழலையே பயன்படுத்துங்கள். உண்மைச் சூழலில் ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை சோதனை தோற்றால் கதவு சற்று நேரம் அடைபடும். அமைத்து முடித்ததும், அலுவலக இணைப்பிலிருந்து அல்லாமல் கைப்பேசியின் மொபைல் டேட்டா வழியாக, முன்னொட்டோடும் அது இல்லாமலும் திறந்து பாருங்கள். அப்போது சான்றிதழின் காலாவதித் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 90 நாள் சான்றிதழில் வழக்கமாக 30 நாள் மீதமிருக்கும்போது புதுப்பிப்பு நடக்கும் என்பதால், ஏறக்குறைய 65 நாள் கழித்து உலாவியில் அதே தேதியை மறுபடி பாருங்கள். தேதி முன்னே நகர்ந்திருந்தால் புதுப்பிப்பும் மறுஏற்றமும் சரியாகவே நடக்கின்றன. நகராவிட்டால் சரிசெய்ய உங்களுக்கு இன்னும் 25 நாள் இருக்கிறது.