ஜுலூஸ்: ஆற்காடு ரூபாயில் ஓர் ஆண்டு

பழைய ஆற்காடு ரூபாய் ஒன்றில் முன்பக்கம் 1172, பின்பக்கம் தனியாக ஒரு 6. இரண்டும் ஆண்டுகள்தான். முதலாவது ஹிஜ்ரி, அதாவது இஸ்லாமிய ஆண்டு. இரண்டாவதன் பக்கத்தில் இருக்கும் சொல்தான் ‘ஜுலூஸ்’.

சொல்லுக்குப் போகுமுன் எண்களைப் படிக்கத் தெரிய வேண்டும். அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். எண்ணை மட்டும் நம்மைப் போலவே இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். 1 வெறும் கோடு. 9 நமக்குத் தெரிந்த 9தான். ஆங்கில V போல இருந்தால் 7, அதைக் கவிழ்த்தால் 8. சிக்கல் மூன்று இடத்தில் வரும்: நம் கண்ணுக்கு 7 போலத் தெரிவது 6, சிறு வட்டமாகவோ இதய வடிவிலோ இருப்பது 5, பூச்சியத்துக்கு வெறும் புள்ளி. தேய்ந்த காசில் அந்தப் புள்ளியை அழுக்கு என்று நினைத்து விட்டுவிட்டால், 1205 என்பது 125 ஆகிவிடும். எண்ணுக்கு அடியில் நீண்ட கோடாக இழுத்து எழுதியிருப்பது ‘சனா’. ஆண்டு என்று பொருள்.

பின்பக்க வாசகம் இப்படிப் போகும்: ‘சனா ஜுலூஸ் 6 மைமனத் மானூஸ், ஸர்ப் ஆர்காட்’. செழிப்போடு கூடிய ஆட்சியின் 6ஆம் ஆண்டில், ஆற்காட்டில் அடித்தது. ‘ஸர்ப்’ என்றால் அடித்தல். நாமும் காசை ‘அடித்தது’ என்றுதானே சொல்கிறோம்.

ஜுலூஸ் என்ற அரபுச் சொல்லின் நேர்ப்பொருள் உட்கார்தல். மன்னர் அரியணையில் உட்கார்ந்த நிகழ்ச்சிக்கு அது பெயராயிற்று. உட்கார்ந்து கூடும் அவைக்கு ‘மஜ்லிஸ்’ என்ற பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான். உருதுவிலும் இந்தியிலும் மட்டும் சொல் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டது: அங்கே இன்று ஜுலூஸ் என்றால் ஊர்வலம்! அந்தப் பொருளை நாணயத்தில் ஏற்றிப் படித்தால் ‘ஊர்வல ஆண்டு’ என்றுதான் வரும்.

தமிழில் என்ன சொல்வது? ‘முடிசூட்டு ஆண்டு’ என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. முடி சூட்டிய அந்த ஒரே ஆண்டை அது குறிப்பதாகத் தோன்றும். காசில் இருப்பதோ அன்றிலிருந்து ஓடும் கணக்கு. ‘ஆட்சியாண்டு’ போதும். நம் கல்வெட்டுகளில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: யாண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ‘ஸ்ரீராஜராஜ தேவர்க்கு யாண்டு இருபத்தாறாவது’ என்று வருவது இதே முறைதான். 985இல் ஆட்சிக்கு வந்தவருக்கு 26ஆம் ஆண்டு என்றால் 1010 வாக்கில். ஜுலூஸ் என்ற தனிச்சொல்லின் சாயலுக்கு, சோழர் மெய்க்கீர்த்திகளில் வரும் ‘வீற்றிருத்தல்’ மிக அருகில் வரும். சிங்காதனத்தில் வீற்றிருந்தருளிய என்பார்களே, அதே உட்கார்தல்.

சரி, நம் காசுக்குத் திரும்புவோம். ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு, 354 அல்லது 355 நாள். 33 ஹிஜ்ரி ஆண்டுகள் ஏறத்தாழ 32 சூரிய ஆண்டுகள். அதனால் 0.97 ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட விடை வந்துவிடும். 1172க்கு 1758-59. அடுத்து 6ஐ வைத்துச் சரிபார்க்கலாம். முன்பக்கத்தில் பெயர் உள்ள முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீர் 1754 ஜூனில் அரியணை ஏறினார். அவருடைய 6ஆம் ஆண்டு 1759இன் நடுப்பகுதியில் விழும். இரண்டு எண்களும் பொருந்துகின்றன.

ஆனால் காசு அந்த வயதுடையதாக இருக்க வேண்டியதில்லை. ஆலம்கீர் 1759 நவம்பரிலேயே கொல்லப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியோ சென்னையில் 1807 முதல் இயந்திரத்தில் அடித்த ரூபாய்களிலும் அதே 1172ஐயும் 6ஐயும் போட்டது. ஆண்டை ஏன் இப்படி உறைய வைத்தார்கள் என்பதற்கு வங்காளத்துக் கதை உதவும். அங்கே புதுக் காசு ‘சிக்கா’, முழு மதிப்பு. ஓரிரு ஆண்டு ஆனதும் சராப்புகள், அதாவது காசு மாற்றுபவர்கள், வட்டம் என்று மதிப்பில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வார்கள். காசு அதே காசுதான், ஆண்டு மட்டும் பழசு. அப்படி மதிப்பு இறங்கியதைச் ‘சனவாத்’ என்றார்கள். சனாவின் பன்மை, ‘பல ஆண்டுகளின் காசு’. இந்தத் தொல்லையை ஒழிக்கத்தான் கம்பெனி வங்காளத்தில் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே எல்லாக் காசிலும் நிறுத்திவிட்டது. 1835இல்தான் கம்பெனி ஆண்ட பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரி ரூபாய் வந்தது.

இன்னும் இரண்டு பொறிகள். ஜுலூஸ் பக்கத்தில் எண்ணே இல்லை என்றால் ‘அஹத்’ என்ற சொல்லைத் தேடுங்கள். முதல் ஆண்டை 1 என்று போடாமல் அப்படி எழுத்தில் எழுதும் வழக்கம் உண்டு. அப்புறம் திப்பு சுல்தான். நபிகள் நாயகம் பிறந்ததிலிருந்து எண்ணும் ‘மௌலூதி’ கணக்கை 1787 வாக்கில் கொண்டுவந்தவர், எண்ணையும் வலமிருந்து இடமாக எழுத வைத்தார். அவருடைய 1215 நம் கண்ணுக்கு 5121 என்று தெரியும்.

ஆற்காடு ரூபாயின் விளிம்பில் வரி வெட்டியிருந்தால் அது இயந்திரத்தில் அடித்தது. அதை வைக்கும் உறையின் மேல் நான் இப்படி எழுதுவேன்: ‘ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 (உறைந்த ஆண்டு), அடித்தது 1807க்கும் 1835க்கும் இடையில்.’