ஏர் ஷிப்மென்டுக்கு யார் பொறுப்பு?

‘இந்த வருஷம் எல்லா ஆர்டரும் சொன்ன தேதியில் கப்பலேற வேண்டும்’ என்று திருப்பூர் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று முடிவெடுக்கிறது. உடனே துறைவாரியாக இலக்குத் தாள் போகிறது: கட்டிங்குக்கு இத்தனை கிலோ, தையலுக்கு இத்தனை பீஸ், வெளிநாட்டு பையரிடம் பேசி ஆர்டர் பிடிக்கும் மெர்ச்சண்டைசருக்கு இத்தனை கோடிக்கு ஆர்டர். மூவரும் தத்தம் எண்ணை எட்டிவிடுவார்கள். சரக்கு மட்டும் தாமதமாகி, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகாமல் கூடுதல் செலவில் விமானத்தில் போகும். லாபமும் கூடவே பறக்கும்.

கிலோக் கணக்குக் கேட்டால் கட்டிங் மாஸ்டர் பெரிய லாட்டைத்தான் முதலில் வெட்டுவார். காலரும் ரிப்பும் (ஓரப் பட்டித் துணி) வராத ஆர்டரின் பாடித் துண்டுகள் மேசையில் குவிந்திருக்க, தையல் லைன் சும்மா நிற்கும். அவருக்கான இலக்கு கிலோ அல்ல. நாளைக் காலை லைனில் ஏறவேண்டிய ஆர்டர், எல்லா சைஸும் எல்லாப் பாகமுமாக இன்று மாலையே முழு செட்டாகத் தயாரா என்பதுதான்.

மெர்ச்சண்டைசர் கதை இன்னும் மோசம். கோடிக் கணக்கில் அளந்தால், முடியாத தேதிக்கும் தலையாட்டிவிட்டு வருவார். லேப் டிப்பும் (சாய நிற மாதிரி) பட்டன், லேபிளும் பையரிடம் ஓகே ஆக எத்தனை நாள் பிடித்தது என்று அவரைக் கேளுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் கருக்கொள்கிறது; பழி தையலுக்கு.

தையலில் கணக்கு எளிது. 30 பேர், 480 நிமிடம், போலோ டி-ஷர்ட்டுக்கு எஸ்.ஏ.எம். (ஒரு பீஸ் தைக்கக் கணக்கிட்ட நேரம்) 12 நிமிடம் என்றால் நூறு சதவீதத் திறனில் 1,200 பீஸ். லைன் 50 சதவீதத்தில் ஓடுகிறதென்றால் 600. மேலே உட்கார்ந்து 800 என்று எழுதினால், சூப்பர்வைசர் ஆல்ட்டரை (குறையால் திருத்த வேண்டிய பீஸை) பண்டலுக்கு அடியில் ஒளித்துத்தான் எண்ணைக் காட்டுவார். 600 போதும், செக்கிங்கில் முதல் தடவையே தேறியதை மட்டும் எண்ணுங்கள்.

ஜப்பானிய ஆலைகளில் வளர்ந்த ஹோஷின் கன்ரி முறையில், இலக்கு பந்துபோல மேலும் கீழும் போய்வரும். ‘இதை எட்ட எனக்கு என்ன வேண்டும்’ என்று கீழிருப்பவர் திருப்பி எறிந்த பிறகே எண் உறுதியாகும். ஆளுக்கு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை, கால் மணி நேரம், லைன் அருகிலேயே நின்று பார்த்தால் போதும்; வருஷக் கடைசியில் படிவம் நிரப்புவதால் கப்பல் காத்திருக்காது.

பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லரிடம் மட்டும் கவனம். அவருடைய இலக்கு அவர் கூலியில் ஏற்கெனவே இருக்கிறது; சுவரில் ஒட்டும் தர வாசகம் அதோடு போட்டிபோட முடியாது. ஆல்ட்டர் துணியால் வந்ததா, தையலால் வந்ததா என்று செக்கிங் நோட்டில் பிரித்து எழுதாமல் கூலியில் கைவைத்தால், சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை அவர் பக்கத்துக் கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்.