பிளாக்: கடலில் எறிந்த கட்டையும் நிறுவன வலைப்பதிவும்

பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகள் கயிற்றில் கட்டிய மரக்கட்டை ஒன்றைக் கடலில் எறிவார்கள். கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இருக்கும். மணற்கடிகாரம் ஒருமுறை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கை நழுவிப் போயின என்று எண்ணினால் அதுவே வேகம். கப்பலின் வேகத்தை இன்றும் 'நாட்' (ஆங்கிலத்தில் முடிச்சு) கணக்கில் சொல்வதற்கு அந்த முடிச்சுதான் காரணம். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

மரக்கட்டைக்கு ஆங்கிலத்தில் 'லாக்' என்று பெயர். கட்டை காட்டிய கணக்கை எழுதிவைத்த ஏடு 'லாக் புக்' ஆயிற்று. பிறகு, நடந்ததை நடந்தபடி நாள்வாரியாகக் குறித்துவைக்கும் எதற்கும் 'லாக்' என்ற பெயர் வந்தது.

இணையத்தில் தான் படித்தவற்றுக்குச் சுட்டி கொடுத்துத் தொகுத்துவந்த ஜோர்ன் பார்கர், 1997 டிசம்பரில் அந்தத் தொகுப்பை 'வெப்லாக்' என்று அழைத்தார். 1999இல் வலைத்தள வடிவமைப்பாளர் பீட்டர் மெர்ஹோல்ஸ் தன் தளத்தின் ஓரத்தில் அதை 'வீ பிளாக்' என்று விளையாட்டாகப் பிரித்து எழுதினார். 'வெப்' போய், அதன் கடைசி எழுத்து மட்டும் 'லாக்'கோடு ஒட்டிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பைரா லேப்ஸ் நிறுவனம் தொடங்கிய, யாரும் வலைப்பதிவு எழுத வழிசெய்யும் 'பிளாகர்' சேவை அந்தச் சொல்லை ஊரறியச் செய்தது. அந்த நிறுவனத்தை 2003இல் கூகுள் வாங்கியது.

தமிழில் இரண்டு சொற்கள் நிலைத்தன: வலைப்பூ, வலைப்பதிவு. வலைப்பூ அழகான சொல். கவிதையும் அனுபவமும் எழுதுகிறவருக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தன் தளத்தில் நடத்துவதற்கு 'வலைப்பதிவு' என்பதே சரியான பெயர் என்பேன். காரணம் 'பதி' என்ற வேர். தடம் பதிகிறது, பத்திரம் பதிவாகிறது, சிறுவயதில் கற்றது பசுமரத்தாணிபோல் பதிகிறது. நிகழ்ந்த ஒன்று அழியாமல் நிற்பதைச் சொல்லும் வேர் அது. 'லாக்' என்பதன் உட்பொருளும் இதுதான். ஆங்கிலத்தில் தேய்ந்துபோன 'வலை'யும் நம் சொல்லில் முழுதாக நிற்கிறது.

நிறுவனங்கள் தடுமாறுவதும் இந்தப் பொருளில்தான். பலர் வலைப்பதிவை விளம்பரத்துக்கு இன்னொரு பெயராக எடுத்துக்கொள்கிறார்கள். புதிய பதிப்பு வந்தது, விருது கிடைத்தது, ஆண்டுவிழா நடந்தது என்றே பக்கங்கள் நிறைகின்றன. மென்பொருள் வாங்க வருகிறவரோ அதைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. செய்தவர்களுக்கு விஷயம் தெரியுமா என்பதை அவர்கள் எழுத்தை வைத்தே எடைபோடுகிறார். பெரும்பாலும் ஏதோ ஒரு பிழைச்செய்தியைத் தேடுபொறியில் இட்டுத்தான் அங்கே வந்து சேர்கிறார். அந்தப் பிழையை நீங்கள் எப்படிச் சந்தித்தீர்கள், எந்த வழி பலிக்கவில்லை, கடைசியில் எது பலித்தது என்று எழுதியிருந்தால் அவர் நின்று படிப்பார். சந்தைப்படுத்தல் அந்த இடத்தில் தொடங்குகிறது.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. எந்தெந்தக் காப்புப்படிகள் கைகொடுக்கவில்லை என்பது உட்பட எல்லாவற்றையும் அந்த நிறுவனம் தன் வலைப்பதிவில் விரிவாக எழுதியது. கப்பலின் லாக் புக்கில் புயலையும் எழுதத்தானே வேண்டும்!

வழக்கில் ஒரு குழப்பம் இருக்கிறது. 'ஒரு பிளாக் எழுதினேன்' என்று தனிக் கட்டுரையைச் சொல்கிறார்கள். பிளாக் என்பது முழுத்தொகுப்பு. அதில் இடும் ஒவ்வொன்றும் இடுகை. தமிழிலும் 'பதிவு' இரண்டையும் குறித்து மயக்கம் தருவதால், தொகுப்பை 'வலைப்பதிவு' என்றும் தனி உருப்படியை 'இடுகை' என்றும் எழுதுவது தெளிவு. வாசகர் அதன்கீழ் எழுதும் மறுமொழி பின்னூட்டம். எழுதியவர் பதிவர்.

இந்தக் கடைசிச் சொல்லை நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன. இடுகையின் அடியில் 'நிர்வாகம்' என்றோ 'குழு' என்றோ போடாமல், அந்த வேலையைச் செய்த பொறியாளரின் பெயரையே பதிவராகப் போடுங்கள். பின்னூட்டத்தில் வரும் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும்.