'நிலச் சிதைவு' என்று எழுதாதீர்கள்

நிலநடுக்கம் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்குத் தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். 'நிலச் சிதைவு' எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கி, பதினொன்றோடு விட்டுவிட்டேன். மூலத்தில் இருந்த சொல் டிஃபார்மேஷன். பெரிய நிலநடுக்கத்தில் தரை நகர்வது, வளைவது, உயர்வது, தாழ்வது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் அது.

லத்தீன் சொல். 'ஃபார்மா' என்றால் வடிவம். பழைய வழக்கில் அலங்கோலப்படுத்துவது என்ற பொருளும் உண்டு. சிதைவுக் கட்சிக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அறிவியல் அந்த வசையைக் கழற்றிப்போட்டு வெகுகாலம் ஆயிற்று. இன்று வடிவமோ அளவோ மாறுவது மட்டுமே பொருள்.

சரி, சிதைந்தது திரும்புமா? திரும்பாது. நிலம் திரும்புகிறது. 2011 மார்ச் 11 பெரும் நிலநடுக்கத்தில் ஜப்பானின் ஒஷிகா தீபகற்பம் கிழக்கு நோக்கி 5 மீட்டருக்கு மேல் நகர்ந்து, 1 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. குன்று, சாலை, அளவைக் கல் எல்லாம் சேர்ந்தே போயின. ஊர்களைச் சிதைத்தது சுனாமி. அது வேறு கணக்கு. அதற்கு முன் பல்லாண்டுகள் அதே கரை மேற்கே நெருக்கப்பட்டு வந்தது. நடுக்கத்துக்குப் பிறகு மெல்ல எழும்பி வருகிறது. இந்த மெதுவான அசைவில் ஒரு சுவரில்கூடக் கீறல் விழாது. இதுவும் டிஃபார்மேஷன்தான். இதில் சிதைவு எங்கே?

1906 சான் பிரான்சிஸ்கோ நடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டுத்தான் ரீட் என்ற அமெரிக்க நிலவியலாளர் 1910-இல் தன் மீட்சிக் கொள்கையைச் சொன்னார். பாறைகள் ஒன்றையொன்று உரசி வழுக்கும் பிளவு (ஆங்கிலத்தில் ஃபால்ட்) பூட்டிக்கொண்டு நிற்க, இருபுறப் பாறையும் வில்லாக வளைகிறது. பூட்டு விட்டதும் நிமிர்கிறது. பிளவின் குறுக்கே ஓடிய ஒரு வேலி அன்று சுமார் 2.6 மீட்டர் விலகி நின்றது. (இந்தப் பிளவையே 'சான் ஆண்ட்ரியாஸ் தவறு' என்று எழுதிய புண்ணியவான்களும் உண்டு. அகராதியின் முதல் பொருளோடு எழுந்து போய்விடுகிறார்கள்.) பாறை இப்படி வளைந்து நிமிர்வதற்கு அந்த ஆவணப்படம் வைத்த பெயர் 'மீள் சிதைவு'. மீள்வது எப்படி ஐயா சிதைவாகும்?

நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது. விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆகும்போது ஓர் எழுத்து திரிகிறது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது ஓர் எழுத்து கெடுகிறது. சிதைவு கெடுதலின் உறவு. நமக்கு வேண்டியது திரிதல். ஆகவே உருத்திரிபு. இயற்பியல் பாடநூல்களில் தகைவுக்குப் (ஸ்ட்ரெஸ்) பக்கத்தில் திரிபு (ஸ்ட்ரெயின்) ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. இலங்கை நூல்கள் அதை விகாரம் என்கின்றன. நிகழ்வுக்கு உருத்திரிபு, அதன் அளவுக்குத் திரிபு. வேகமாக வாசித்தால் உருத்திரன் எட்டிப்பார்க்கிறார் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். பார்க்கட்டும்.

'உருமாற்றம்' என்பாரும் உண்டு. அந்த இடத்தில் உருமாறிய பாறை குடியேறி வெகுகாலம் ஆயிற்று. சுண்ணாம்புக்கல் சலவைக்கல் ஆவதுதான் நினைவுக்கு வரும். சிதைவுக்கோ ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை: பாறை வெயிலிலும் மழையிலும் பொடிவது சிதைவு, கதிரியக்கத்தில் அணுக்கரு உடைவது சிதைவு. இதையும் அதன் தலையில் கட்டினால் வாசகர் எதை நினைப்பார்?

2004 டிசம்பர் நடுக்கம் அந்தமானின் வடபகுதியில் பவளத்திட்டுகளைக் கடலுக்கு மேலே தூக்கியது. பெரிய நிக்கோபாரின் தென்முனையைத் தாழ்த்தி, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடலில் நிறுத்தியது. இரண்டும் ஒரே உருத்திரிபின் இரு பக்கங்கள். வெளியே வந்த பவளம் செத்தது உண்மை; தரை சிதையவில்லை. சிதைவு என்றே எழுதியாக வேண்டும் என்றால், வழுக்கிய பிளவை ஒட்டி நொறுங்கி மாவாகிக் கிடக்கும் பாறைக்கு எழுதுங்கள். அங்கே அந்தச் சொல் சரிதான்.