மரபணு மாறிய கொசுவா, மாற்றிய கொசுவா?

டெங்குவை ஒடுக்கும் கொசு என்றாலே செய்திகளில் ‘மரபணு மாற்றக் கொசு’ என்றுதான் எழுதுகிறார்கள். புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்தி ஆய்வு மையம் 2022-இல் அறிவித்த கொசுவுக்கும் இதே பெயரை ஒட்டுகிறார்கள். அந்தக் கொசுவின் மரபணுவில் யாரும் கைவைக்கவில்லை.

மரபு + அணு = மரபணு, ‘ஜீன்’ என்பதற்கு. இங்கே அணு என்றால் நுண்ணியது, அவ்வளவே. இலங்கையில் ‘பரம்பரையலகு’ என்பார்கள். அதுவும் நல்ல சொல்.

சிக்கல் ‘மாற்றம்’ என்பதில் இருக்கிறது. மாறு தன்வினை, மாற்று பிறவினை. ‘மாற்றம்’ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. கொரோனா தானாகத் திரிந்தபோதும் ‘மரபணு மாற்றம்’ என்றார்கள். ஆய்வகத்தில் மனிதர் திருத்திய பருத்திக்கும் அதையே சொன்னார்கள். தானாக நேர்ந்ததைப் பிறழ்வு என்போம். மனிதர் செய்ததற்கு ‘மரபணு மாற்றிய’ என்ற பெயரெச்சமே போதும். ‘மாற்றப்பட்ட’ என்று இழுக்க வேண்டியதில்லை.

மாற்றுவது எப்படி? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை இட்டவுடன் வெள்ளையாக இருக்கும், சிறிது நேரத்தில் கறுத்து இறுகும். அதற்குள் முட்டையின் பின்முனையில் நுண்ணூசியால் டி.என்.ஏ.வைச் செலுத்த வேண்டும். இனப்பெருக்க உயிரணுக்கள் உருவாவது அங்கேதான். வேறிடத்தில் குத்தினால் மாற்றம் அடுத்த தலைமுறைக்குப் போகாது. கூடவே ஒளிரும் புரத மரபணு ஒன்றையும் சேர்ப்பதால், மரபணு மாற்றிய புழு நுண்ணோக்கியில் சிவப்பாகத் தெரியும்.

இதற்கு ‘மலட்டுக் கொசு’ என்று ஒரு போட்டிச் சொல் உலவுகிறது. எளிய தமிழ்தானே என்று பலர் விரும்புகிறார்கள். எளிமைக்காகப் பொருளைக் கொல்லக் கூடாது. மரபணு மாற்றிய கொசுக்களை உருவாக்கும் ஆக்சிடெக் நிறுவனத்தின் முதல் வகை ஆண்கொசு மலடில்லை. அது கூடும், முட்டை பொரியும், புழுவும் வளரும். ஆய்வகத்தில் கொடுக்கும் டெட்ராசைக்ளின் மருந்து வெளியே கிடைக்காததால் பெரும்பாலான புழுக்கள் பெரிதாகுமுன் சாகும், நூற்றுக்குச் சில தப்பும். 2021-இல் அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகளில் விட்ட அடுத்த வகையிலோ பெண்புழு மட்டுமே சாகும்; மகன்கள் பிழைத்து, வளர்ந்து, தாமும் கூடுவார்கள். பிள்ளை பெறுவதை மலடு என்று எந்த ஊரில் சொல்வார்கள்? ஆண் கூட்டுப்புழுவுக்குக் காமாக் கதிர் கொடுத்து, அதன் விந்தணுவைக் கெடுத்து விடுகிறார்களே, அதுதான் மலடு. அதையும் ‘மலடாக்கிய கொசு’ என்பதே சரி. கதிர் கூடினால் ஆண் நலிந்து வெளி ஆண்களோடு போட்டியிட முடியாது, குறைந்தால் கரு தரிக்கும். அந்த முறையின் தலைவலி இது. மரபணு முறையில் கதிர் இல்லை, அதனால் இந்தச் சிக்கலும் இல்லை.

புதுவைக் கொசு மூன்றாவது வகை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஓல்பாக்கியா பாக்டீரியா தாங்கிய ஏடிஸ் முட்டைகளை வளர்த்து, அவற்றின் பெண்களை நம்மூர் ஆண்களோடு தலைமுறை தலைமுறையாகக் கூட்டினார்கள். பாக்டீரியா தாய்வழியே இறங்குவதால் பெண்ணை அங்கிருந்தும் ஆணை இங்கிருந்தும் எடுக்க வேண்டும். ஆளை மாற்றினால் முதல் தலைமுறையிலேயே அறுந்துபோகும். இது ‘ஓல்பாக்கியா ஏற்றிய கொசு’. பாக்டீரியா உடம்பிலிருந்தால் டெங்கு வைரஸ் பெருகுவது குறையும். இரண்டு வகை ஓல்பாக்கியாவை ஏற்றியிருக்கிறார்கள். ஒன்று பழ ஈயிலிருந்து எடுத்தது, மற்றது புலிக்கொசுவிலிருந்து எடுத்தது. நாள்தோறும் 26-க்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் நீரில் பழ ஈ வகை வெகுவாகக் குறைகிறது, புலிக்கொசு வகை தாங்குகிறது. சித்திரை வெயிலில் கடலூர் மொட்டைமாடியில் கிடக்கும் டயர்த் தண்ணீருக்கு இந்த வேறுபாடு பெரிது. ‘மரபணு மாற்றக் கொசு’ என்று எழுதினால் இதில் ஒன்றும் தெரியாது. இந்தக் கொசு பொரித்துப் பறக்கத் தோட்டத்தில் முட்டை வாளி வைக்க வீட்டாரிடம் சம்மதம் கேட்கும்போது, உள்ளே இல்லாத ஒன்றுக்குச் சம்மதம் வாங்குவதாகிவிடும்.

மாற்றிய, மலடாக்கிய, ஏற்றிய: மூன்றும் பிறவினை. மனிதர் என்ன செய்தார் என்று மூன்றும் சொல்லிவிடுகின்றன. மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்ப்பதே இல்லை. நோயைப் பரப்பும் உயிரி என்ற பொருளில் வரும் ‘வெக்டார்’ என்ற சொல்லைக் கண்டதும் கணக்குப் பாடத்துத் ‘திசையன்’ வந்துவிடுகிறது. ‘திசையன் மூலம் பரவும் நோய்கள்’ என்று அச்சடித்த தாள் கையில் வருகிறது. நோய்க்கடத்தி என்ற சொல் எத்தனையோ காலமாக இருக்கிறது.